இருமல் பொத்தான்

வானொலி நிலையத்தில் என் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் மட்டும் ஒலிவாங்கி ஊமையாகிவிடும். தும்மலாம், தொண்டையைச் செருமலாம், இருமலாம். கையை எடுத்ததும் குரல் மறுபடி போகும். எங்கள் தொழிலில் அதற்கு இருமல் பொத்தான் என்றே பெயர். பதினோரு ஆண்டுகளாகக் காலை நிகழ்ச்சி செய்கிறேன். எனக்குக் கடுமையாகச் சளி பிடித்திருந்த நாள்கள்கூட நேயர்களான உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பொத்தான் செய்த உதவி அது.

என் அக்கா மகளுக்கு அப்படி ஒரு பொத்தான் கிடையாது. வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். இப்போது வயது ஒன்பது. பிறந்ததிலிருந்து இருமாத நாள் என்று ஒன்று அவள் வாழ்க்கையில் இருந்ததில்லை. 'சளி உடம்பு' என்று நாங்களே பெயர் வைத்து, அந்தப் பெயரோடு எட்டு ஆண்டுகளை ஓட்டிவிட்டோம்.

இரண்டு வருடங்களுக்கு முன் பள்ளி விடுமுறையில் அவளை நிலையத்துக்கு அழைத்துப் போனேன். தீபாவளி வாழ்த்து ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும், பத்தே விநாடி. ஆறு முறை முயன்றும் ஒவ்வொரு முறையும் பாதியில் இருமல் வந்தது. கீழே உள்ள மருந்தகத்தில் இருமலை அடக்கும் மருந்து ஒன்று வாங்கி, ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் இருமல் அடங்கியது. அழகாக வாழ்த்துச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்றிரவு அவளுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். வலது நுரையீரலின் நடுப்பகுதியில் சளி கட்டித் தொற்று ஏற்பட்டிருந்தது. நான் கொடுத்த ஒரு கரண்டி மருந்துதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லவும் முடியாது என்றுதான் டாக்டர் பின்னால் விளக்கினார். ஆனால் அதே விளக்கத்தின்போது அவர் சொன்ன இன்னொரு வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை: "இந்தப் பிள்ளைக்கு நுரையீரலைச் சுத்தம் செய்ய மிச்சமிருக்கும் ஒரே வழி இருமல்தான். அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்."

உப்புக் கரிக்கிறதா?

அந்த மருத்துவமனையில்தான் முதன்முறையாக ஓர் இளம் டாக்டர், "இது சாதாரணச் சளி இல்லை" என்றார். அக்காவிடம் வரிசையாகக் கேள்வி கேட்டார். நிறை மாதத்தில் பிறந்த குழந்தையா? ஆமாம். பிறந்ததும் மூச்சுத் திணறல் இருந்ததா? இருந்தது. நான்கு நாள் பிராணவாயு வைத்தார்கள். 'பனிக்குடத் தண்ணியைக் குடிச்சிருச்சு' என்று உறவுக்காரர்கள் சொன்னதை அப்படியே நம்பினோம். மூக்கு எப்போதும் அடைத்திருக்குமா? வருடம் முழுக்க. காது? அடிக்கடி சீழ் வரும். நன்றாகச் சாப்பிடுவாளா, எடை ஏறுகிறதா? அதில் குறையே இல்லை. மாலைச் சந்தையில் வாங்கும் ஆப்பம் பாலிக் இரண்டை நின்ற இடத்திலேயே முடித்துவிடுவாள்.

டாக்டர் இரண்டு பெயர்களை எழுதினார். ஒன்று சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், சுருக்கமாக சி.எஃப். இன்னொன்று பிரைமரி சிலியரி டிஸ்கினீசியா, சுருக்கமாக பி.சி.டி. இரண்டும் பெற்றோரிடமிருந்து மரபணு வழியாக வருபவை. இரண்டிலும் நுரையீரலுக்குள் சளி தேங்கிவிடும். தேங்கிய சளியில் கிருமி வளர்ந்து, தொற்று மாறி மாறி வந்து, கடைசியில் மூச்சுக்குழாய்கள் தளர்ந்து விரிந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே நடப்பது வேறு.

நாங்கள் செய்த முதல் தவறு, அன்றிரவே கைத்தொலைபேசியில் முதல் பெயரைத் தேடியது. சி.எஃப். பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதிலும் பழைய பக்கங்களில் ஆயுட்காலம் பற்றிய எண்கள் இருந்தன. அக்கா அவற்றைப் படித்துவிட்டு விடியும்வரை தூங்கவில்லை.

சி.எஃப். பற்றி ஐரோப்பாவில் பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. முத்தமிடும்போது நெற்றி உப்புக் கரிக்கும் குழந்தை நீண்ட நாள் இருக்காது என்பார்களாம். மூடநம்பிக்கைபோலத் தோன்றினாலும் அதற்குள் ஓர் உண்மை இருந்தது. 1938-ல் டோரதி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த நோயைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். 1948-ல் நியூயார்க்கில் கடும் வெப்ப அலை வந்தபோது, நீர்ச்சத்து இழந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு இந்த நோய் இருந்தது. அந்தத் தடயத்தைப் பின்தொடர்ந்த பால் டி சான்ட் ஆக்னீஸி என்ற மருத்துவர், இவர்களுடைய வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று 1953-ல் காட்டினார். இன்றும் சி.எஃப். நோயைக் கண்டறிவதற்கான முக்கியச் சோதனை வியர்வைச் சோதனைதான்.

இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலை அத்தை, அதாவது பாப்பாவின் அப்பாவைப் பெற்ற பாட்டி, மருத்துவமனைக்கு வந்ததும் பேத்தியின் நெற்றியில் முத்தமிட்டார். பிறகு உதட்டை நாக்கால் தொட்டுப் பார்த்தார். "உப்பாத் தெரியலையே" என்றார். மறுபடி முத்தமிட்டார். மூன்றாவது முறை பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வியர்வைச் சோதனையில் வலி இல்லை. முன்கையில் ஒரு மருந்தை வைத்து, மிக மெல்லிய மின்சாரம் செலுத்தி, வியர்வையை வரவழைத்து அரை மணி நேரம் சேகரிக்கிறார்கள். அதில் குளோரைடின் அளவு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் சி.எஃப். என்று கருதுவார்கள். 30-க்குக் கீழ் இருந்தால் அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. பாப்பாவுக்கு 18.

அத்தை முருகனுக்கு வேண்டிக்கொண்ட காவடியை உறுதி செய்தார். டாக்டர் மட்டும் இன்னும் சிரிக்கவில்லை. "அப்படியானால் இரண்டாவது பெயரைப் பார்ப்போம்" என்றார்.

கம்போங் குவாந்தான் படகு

எங்கள் தாத்தா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அதனால் சிறு வயதில் கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க அடிக்கடி போயிருக்கிறோம். அங்கே படகுக்கு இயந்திரம் இல்லை. இருட்டில், சத்தமில்லாமல், துடுப்புப் போட்டுத்தான் போக வேண்டும். டாக்டர் சொன்ன பாடத்தை நான் எனக்குள் அந்தப் படகை வைத்தே புரிந்துகொண்டேன்.

நம் மூச்சுக்குழாயின் உள்சுவர் முழுக்க நுண்மயிர்கள் இருக்கின்றன. சிலியா என்று பெயர். ஒரு செல்லில் ஏறக்குறைய 200. கண்ணுக்குத் தெரியாத இந்த மயிர்கள் விநாடிக்குப் பத்துப் பதினைந்து முறை ஒரே திசையில் துடுப்புப் போடுகின்றன. அவற்றின் அடிப்பகுதியைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம், மேலே சளிப் போர்வை. நாம் மூச்சில் இழுக்கும் தூசியும் புகையும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்டிக்கொள்ளும். துடுப்புகள் அதைத் தொண்டைவரை தள்ளிக்கொண்டு வரும். நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம். உங்களுக்கும் எனக்கும் இந்த வேலை இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.

சி.எஃப். என்பது நீர் வற்றிய ஆறு. துடுப்பும் துடுப்புக்காரரும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் செல்லின் சுவரில் உப்பையும் நீரையும் கடத்தும் ஒரு வாசல் பழுதாகியிருக்கிறது. நீர்ப்படலம் வற்றி, சளி சேறுபோல் கெட்டியாகிவிடுகிறது. சேற்றில் துடுப்புப் போட முடியுமா? அந்த வாசல் நுரையீரலில் மட்டும் இல்லை. வியர்வைச் சுரப்பியிலும் கணையத்திலும் இருக்கிறது. அதனால்தான் வியர்வை உப்பாகிறது. கணையத்தின் குழாய்கள் அடைத்துக்கொள்வதால் சாப்பிடும் கொழுப்புச் செரிக்காமல், பிள்ளை எவ்வளவு சாப்பிட்டாலும் எடை ஏறாமல் போகிறது.

பி.சி.டி. என்பது நீர் நிறைந்த ஆறு. துடுப்புக்காரர்தான் இல்லை, அல்லது திசை தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் அடிக்கிறார். சளி தொடக்கத்தில் சாதாரணச் சளிதான். அதை நகர்த்த ஆள் இல்லாததால் தேங்குகிறது. நுண்மயிர்கள் இருக்கும் இடமெல்லாம் பாதிப்பு உண்டு. நுரையீரல், மூக்கு, நடுக்காது எல்லாம் அதில் அடக்கம். கணையத்துக்குப் பாதிப்பு இல்லை. பாப்பா ஆப்பம் பாலிக்கை வெளுத்துக்கட்டியதன் விளக்கம் அதுதான்.

அவள் காது பற்றிய விளக்கமும் அன்றுதான் கிடைத்தது. தினமும் காலையில் என் நிகழ்ச்சியை அவள் வீட்டில் முழுச் சத்தத்தில் வைப்பாள். மாமா மேல் அவ்வளவு பாசம் என்று நான் எல்லோரிடமும் பெருமை அடித்திருக்கிறேன். நடுக்காதில் நீர் கட்டி, அவளுக்குக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. பள்ளியில் 'கவனம் போதாது' என்று ஆண்டறிக்கையில் எழுதியிருந்ததற்கும் அதுதான் காரணம். பின்வரிசையில் உட்கார்ந்து, கேட்காத பாடத்தை அந்தப் பிள்ளை இரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

இதயம் எந்தப் பக்கம்?

டாக்டர் முதல் நாளே பாப்பாவின் நெஞ்சில் வலது பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டதை நான் கவனித்திருந்தேன். பிறகு இடது பக்கம் வைத்தார். ஏன் என்று கேட்டபோது, "இவளுடைய இதயம் வலது பக்கம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் பிறந்த வாரமே யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்" என்றார்.

கதை இப்படி. 1933-ல் சூரிச் நகரில் மானெஸ் கார்டகெனர் என்ற மருத்துவர், சில நோயாளிகளிடம் மூன்று விஷயங்கள் சேர்ந்தே வருவதைப் பதிவு செய்தார். ஓயாத மூக்குச் சளி, விரிந்துபோன மூச்சுக்குழாய்கள், உள்ளுறுப்புகள் இடம்வலமாக மாறியிருப்பது. இதயம் வலதில், கல்லீரல் இடதில். சளிக்கும் இதயம் இருக்கும் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? நாற்பது வருடத்துக்கு மேல் பதில் இல்லை.

1976-ல் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த பியோர்ன் அஃப்சேலியஸ் என்ற ஆய்வாளர் பதிலின் முதல் பாதியைக் கொடுத்தார். அவர் ஆராய்ந்தது பிள்ளைப்பேறு இல்லாத ஆண்களை. அவர்களுடைய விந்தணுவின் வால் அசையவில்லை. மின்னணு நுண்நோக்கியில் பார்த்தால், வாலை அசைக்கும் டைனீன் என்ற நுண்ணிய 'கைகள்' இல்லை. அதே ஆண்களுக்குச் சிறு வயது முதல் ஓயாத சளி. அவர்களுடைய மூச்சுக்குழாய் நுண்மயிர்களிலும் அந்தக் கைகள் இல்லை. விந்தணுவின் வாலும் நுண்மயிரும் ஒரே அச்சில் வார்த்தவை.

இன்னொரு பாதி பின்னால் தெரிந்தது. கரு சில வாரமே ஆகியிருக்கும்போது, அதன் நடுவே சிறு குழிவில் உள்ள நுண்மயிர்கள் சுழன்று, திரவத்தை இடப்பக்கமாக ஓட வைக்கின்றன. 'இது இடது' என்று உடம்புக்கு முதன்முதலில் சொல்வது அந்த ஓட்டம்தான். நுண்மயிர் சுழலாவிட்டால் இடம் வலம் என்பது நாணயம் சுண்டிப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். அதனால்தான் பி.சி.டி. உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு உறுப்புகள் இடம் மாறியிருக்கின்றன, மீதிப் பாதிக்கு இல்லை. பாப்பாவுக்குச் சுண்டிய நாணயம் 'சரியான' பக்கம் விழுந்தது. அந்த அதிர்ஷ்டத்தால் நோய் எட்டு வருடம் மறைந்தே இருந்தது.

உறுதிப்படுத்துவதும் சி.எஃப். அளவுக்கு எளிதில்லை. சி.எஃப். நோய்க்குக் காரணம் ஒரே மரபணு. 1989-ல் அதைக் கண்டுபிடித்த குழுவினரில், ஷாங்காயில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்த லாப்-சீ சூய் முக்கியமானவர். பி.சி.டி.க்கு இதுவரை 50-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. அவற்றில் எது பழுதானாலும் துடுப்பு நின்றுவிடும். இதைக் கண்டறிய ஒரே சோதனை போதாது. மூக்கில் நைட்ரிக் ஆக்சைடு வாயு வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருக்கிறதா என்று அளப்பது ஒரு வழி. சிறு தூரிகையால் மூக்கின் உள்ளே வருடி எடுத்த செல்களை அதிவேகக் கேமராவில் பார்ப்பது இன்னொரு வழி. மின்னணு நுண்நோக்கியும் மரபணுச் சோதனையும் உண்டு. பாப்பாவின் ரத்தம் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்குப் போனது. மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. பி.சி.டி.தான்.

சிகிச்சையிலும் இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. சி.எஃப். நோயில் பழுதான அந்த வாசலையே திறக்க உதவும் மாத்திரை 2012-ல் வந்தது. மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரை 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பொருத்தமான மரபணு மாற்றம் உள்ளவர்களின் வாழ்க்கையையே அது மாற்றிவிட்டது. அக்காவைத் தூங்கவிடாமல் செய்த பழைய எண்கள் இன்று அவர்களுக்கே பொருந்தாது. ஆனால் அந்த மாத்திரை விலை மிகுந்தது, எல்லா நாட்டிலும் கிடைப்பதும் இல்லை. பி.சி.டி.க்கு அப்படித் துடுப்பைத் திருப்பித் தரும் மாத்திரை இன்னும் இல்லை. சளியை உடற்பயிற்சியாலும் மூச்சுப் பயிற்சியாலும் தினமும் வெளியே எடுக்க வேண்டும். தொற்று வந்தால் தாமதிக்காமல் மருந்து கொடுக்க வேண்டும். தடுப்பூசிகளைத் தவறவிடக் கூடாது. சிகரெட் புகையும் புகைமூட்டமும் பக்கத்தில் வரக் கூடாது. ஒழுங்காகச் செய்தால் பலர் முதுமைவரை வாழ்கிறார்கள் என்று டாக்டர் சொன்னபோதுதான் அக்கா முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

சொந்தத்தில் கட்டிய கதை

இனி நான் சொல்ல வேண்டியது எங்கள் குடும்பத்துக்குள் நடந்தது. அக்காவிடமும் அத்தையிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அக்காவும் மாமாவும் சொந்தத்தில் கட்டியவர்கள். மாமா எங்கள் அப்பாவின் கூடப்பிறந்த அக்காள் மகன். "உறவு விட்டுப் போகக் கூடாது" என்று அப்பாதான் பிடிவாதமாக இருந்து முடித்துவைத்தார். மூன்று வருடத்துக்கு முன் நானும் அதே வீட்டில் பெண் எடுத்தேன். என் மனைவி மாமாவின் தங்கை, அதாவது என் அத்தை மகள். இதில் அப்பாவின் வற்புறுத்தல் எதுவும் இல்லை. எங்களுக்கே பிடித்திருந்தது. பாப்பாவுக்கு நோய் உறுதியானபோது நாங்கள் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

மரபணு ஆலோசகர் ஒரு தாளில் எங்கள் குடும்ப மரத்தை வரைந்தார். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. சி.எஃப். நோயிலும் பெரும்பாலான பி.சி.டி.யிலும், ஒரு பிரதியில் மட்டும் பிழை இருந்தால் எந்தத் தொந்தரவும் வராது. அவரைக் கடத்துபவர் என்பார்கள். கணவனும் மனைவியும் ஒரே மரபணுவில் பிழையைக் கடத்துபவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு இரண்டு பிழைப் பிரதியும் சேர்ந்துவிடும்.

பிழை இல்லாத மனிதர் யாரும் இல்லை என்பதையும் அவர் சொன்னார். நம் எல்லோரிடமும் இப்படிச் சில மௌனப் பிழைகள் உண்டு. அந்நியரை மணக்கும்போது இருவரிடமும் ஒரே பிழை இருப்பது அரிது. சொந்தத்தில் மணக்கும்போது ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே பிழை இரண்டு வழியாக இறங்கி வந்து சேர முடியும். பாப்பாவுக்கு நடந்தது அதுதான். இரண்டு பிரதியிலும் அதே எழுத்து, அதே இடத்தில் மாறியிருந்தது. தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தாத்தாவோ, அவரோடு மங்கு தூக்கிய பாட்டியோ, தங்களுக்கே தெரியாமல் சுமந்தது. அப்பாவுக்கும் அத்தைக்கும் இறங்கி, அக்காவுக்கும் மாமாவுக்கும் வந்து, பாப்பாவிடம் சேர்ந்திருக்கிறது. இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட் நகரில், நெருங்கிய உறவில் மணம் செய்யும் வழக்கம் அதிகமுள்ள தெற்காசியச் சமூகத்தில் சுமார் 2,265 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் பி.சி.டி. இருப்பதாக 2010-ல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பேரில் ஒருவர்தான்.

சொந்தத்தில் கட்டிய எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆரோக்கியமான பிள்ளைகளே பிறக்கின்றன. பிறவிக் கோளாறுக்கான வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு மூன்று என்றால், அத்தை மகன், மாமன் மகள் போன்ற நெருங்கிய உறவில் ஏறக்குறைய ஆறாகிறது. சிறிய எண்தான். அந்த எண்ணுக்குள் யாரோ ஒருவருடைய பிள்ளை இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்பா அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான்தான் பண்ணிட்டேன்" என்றார். அதுவரை பழி முழுக்க அக்கா மேல் இருந்தது. மாசமாக இருக்கும்போது ஐஸ் தண்ணி குடித்தாள், தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு நின்றாள் என்று ஏதேதோ. அக்கா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களா எழுத்தை மாத்துனீங்க? விடுங்கப்பா" என்றார். எட்டு வருடம் பழி சுமந்த ஒருவரால்தான் அதை அப்படிச் சொல்ல முடியும்.

தப்பித்தோம்

எனக்கும் என் மனைவிக்கும் கணக்கு இப்படி இருந்தது: நான் கடத்துபவராக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, அவளுக்கும் இரண்டில் ஒன்று. இருவருமே கடத்துபவராக இருந்தால் பிள்ளைக்கு நான்கில் ஒன்று. பெருக்கிப் பார்த்தால் பதினாறில் ஒன்று. எந்தப் பிழை என்று பாப்பாவின் சோதனையிலேயே தெரிந்துவிட்டதால், எங்களுக்கு ரத்தத்தில் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கிள்ளானில் அத்தை வீட்டில் இருந்தோம். நான் கடத்துபவர். என் மனைவி இல்லை. எங்கள் பிள்ளைக்கு இந்தப் பிழையால் நோய் வராது.

அத்தை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "முருகா! தப்பிச்சோம்!" என்றார். என் மனைவி அழுதாள். நானும் சிரித்தேன். யாரோ பாயசம் என்றார்கள். அக்கா எழுந்து சமையலறைக்குப் போனதை நான் பார்த்தேன், ஆனால் பின்னால் போகவில்லை. என் சந்தோஷத்திலிருந்து ஒரு நிமிடம் குறைத்துக்கொள்ள மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அதுதான்.

அன்று மாலை வாசல் ஊஞ்சலில் பாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காதுக்குப் பின்னால் புதிதாக மாட்டிய கருவி. இப்போது அவளுக்கு எல்லாமே கேட்கும்.

"மாமா, பாட்டி எதுல இருந்து தப்பிச்சோம்னு சொன்னாங்க? என்னை மாதிரி பாப்பா பொறக்காம இருக்கிறதா?"

வானொலியில் நாங்கள் மிகவும் பயப்படுவது மௌனத்துக்குத்தான். ஐந்து விநாடி சத்தம் இல்லாவிட்டால் மேலதிகாரியிடமிருந்து அழைப்பு வந்துவிடும். எதையாவது பேசி இட்டு நிரப்பப் பழக்கப்பட்ட வாய் இது. அன்று ஊஞ்சலில் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன் என்று தெரியவில்லை.

"நோயில இருந்து. உன்கிட்ட இருந்து இல்ல" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆனா நோய் என்கிட்டதானே இருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டாள். "இருக்கு. ஆனா அது நீ இல்ல. நீ பொறக்காம இருந்திருக்கணும்னு இந்த வீட்டுல யாரும் நினைச்சதில்ல. பாட்டி சொன்ன விதம் தப்பு. மாமா சிரிச்சதும் தப்பு" என்றேன். "ம்" என்றாள். அந்த 'ம்' ஏற்றுக்கொண்டதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அத்தைக்குக் கதவருகே நின்று எல்லாம் கேட்டிருக்கிறது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அவர் தலைமுறையில் பேத்தியிடம் அப்படிக் கேட்கும் வழக்கம் இல்லை. அடுத்த வாரம் பிசியோதெரபி வகுப்புக்கு அக்காவோடு தானும் வருவதாகச் சொன்னார். மூச்சுப் பயிற்சிக் கருவியில் எத்தனை முறை ஊத வேண்டும், எப்போது வாய் திறந்து 'ஹா' என்று மூச்சை வேகமாக விட வேண்டும், பிறகு எப்படி இருமிச் சளியை வெளியே எடுக்க வேண்டும் என்று எல்லாம் கற்றுக்கொண்டார். இப்போது காலை முறை அவருடையது. அக்கா அந்த அரை மணி நேரம் தூங்குகிறார்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்குச் சளி பிடிப்பது சாதாரணம், அதற்காகப் பயந்துவிடாதீர்கள். ஆனால் நிறை மாதத்தில் பிறந்தும் முதல் நாளிலேயே மூச்சுக்குத் திணறிய குழந்தை, வருடம் முழுக்க விடாத ஈரமான இருமல், ஒருநாளும் விடாத மூக்கடைப்பு, ஓயாத காதுச் சீழ், இவை சேர்ந்து இருந்தால் 'சளி உடம்பு' என்று விட்டுவிடாதீர்கள். எடை ஏறாமல், மலம் எண்ணெய்ப் பசையோடு போனால் அதையும் சொல்லுங்கள். "இது சி.எஃப். அல்லது பி.சி.டி. ஆக இருக்குமா?" என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். டாக்டர் சொல்லாமல் இருமலை அடக்கும் மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். சொந்தத்தில் திருமணம் பேசுகிறீர்கள் என்றால், ஜாதகத்தோடு குடும்பத்தின் நோய் வரலாற்றையும் ஒரு தாளில் எழுதி, மரபணு ஆலோசகரை ஒருமுறை பாருங்கள். அப்படிக் கேட்பதால் உறவு விட்டுப் போகாது.

என் நிகழ்ச்சியில் காலை 6.30-க்குச் செய்தி. எனக்கு ஐந்து நிமிடம் ஓய்வு. அப்போது கிள்ளானுக்கு அழைப்பேன். அத்தை தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு எண்ணிக்கொண்டிருப்பார். "எட்டு... ஒம்பது... பத்து. இப்ப ஹா விடு." பிறகு இருமல் வரும். ஒலிப்பதிவு அறையில் அன்று நான் நிறுத்த நினைத்த அதே இருமல். ஈரமாக, ஆழத்திலிருந்து, மூன்று நான்கு முறை. நான் காதில் வைத்தபடி காத்திருப்பேன்.

"வந்துருச்சு மாமா" என்பாள்.

சரி என்று சொல்லி வைத்துவிட்டு, ஒலிவாங்கியைத் திறந்து உங்களுக்கு நேரம் சொல்வேன்.